நடுவில் நிற்கும் குதிரை

அந்தப் பெட்டைக் குதிரையை நான் முதலில் பார்த்தது தாளில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த வம்சாவளிப் பத்திரம். இடது ஓரத்தில் அவள் பெயர். அங்கிருந்து கிளை பிரிந்து மேலே தகப்பன் வழி, கீழே தாய் வழி. எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் காபியை ஆற்றிக்கொண்டே விசாரிக்கிற சங்கதி அத்தனையும் அதில் இருந்தது. யார் மகள், எந்தக் குடும்பம், கூடப் பிறந்தவர்கள் எப்படி, நோய்நொடி உண்டா. நகை எத்தனை பவுன் என்பது மட்டும்தான் இல்லை.

அப்போது நான் அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் கால்நடை மருத்துவர். எல்லாரும் என்னை "டாக்டரா" என்பார்கள். பெண் டாக்டரை அரபியில் அப்படித்தான் அழைக்க வேண்டுமாம். சேர்ந்த புதிதில் அது தெரியாமல், என் படிப்பைத்தான் சந்தேகப்பட்டுக் கேட்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படவும் செய்தார்கள், அது வேறு.

பண்ணையின் முதலாளி அர்பாப். ஊரில் நாம் முதலாளி என்பதுபோல அங்கே அர்பாப். அவரிடம் பந்தயக் குதிரைகள் நிறைய இருந்தன. ஒரு தடவை அமெரிக்கா போனவர் அங்கே மாட்டு வேலைக் குதிரைகளைப் பார்த்துவிட்டு, பித்துப் பிடித்தவராகத் திரும்பி வந்தார். சவாரிக்காரர் குதிரையை மெதுவாக மாட்டு மந்தைக்குள் செலுத்தி, ஒரே ஒரு மாட்டைப் பிரித்து வெளியே கொண்டுவருவார். பிறகு கடிவாளக் கையைக் குதிரையின் கழுத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். மாடு மந்தைக்குத் திரும்பப் பார்க்கும். குதிரை விடாது. இடது பக்கம் ஓடினால் இடது பக்கம், வலது பக்கம் ஓடினால் வலது பக்கம், யாரும் சொல்லாமல் தானாகவே நகர்ந்து மறிக்கும். இந்தக் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்த குடும்பங்கள் அங்கே உண்டு.

அப்படிப்பட்ட ஒரு பெட்டையை வாங்கி வம்சம் வளர்க்க வேண்டும் என்பது அர்பாபின் ஆசை. தரகர் அனுப்பிய பத்திரங்களை என் மேஜையில் போட்டு, ஒன்றைச் சொல் என்றார். எல்லாப் பத்திரங்களிலும் தகப்பன் வழியில்தான் பளபளப்பு. பெரிய பெரிய ஆண் குதிரைகள், வாங்கிய கோப்பைகள். எனக்கு அது கல்யாணப் பத்திரிகையில் தாத்தாவின் பட்டங்களை அடுக்குவது மாதிரிதான் பட்டது. நான் தாய் வழியைப் பார்த்தேன். இந்த ஒருத்தியின் தாய், தாயின் தாய், அவளுடைய தாய், மூவரும் மாட்டு வேலை பார்த்தவர்கள். அது மட்டுமில்லை. அந்தத் தாய் வெவ்வேறு ஆண் குதிரைகளுக்குப் பெற்ற பிள்ளைகள் எல்லாமே தேறியிருந்தன. தகப்பன் மாறியும் பிள்ளைகள் தேறினால் விஷயம் தாயிடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த வம்சங்களில் சிலவற்றுக்கு முதுகுத் தோல் பிய்ந்து போகிற ஒரு பரம்பரை நோய் உண்டு. அவளுடைய முடியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். அந்தக் குறை இல்லை என்று பதில் வந்தது. இவள்தான் என்றேன். அர்பாப் சிரித்தார். அவருடைய முன்னோர்களும் குதிரையின் குலத்தைத் தாயை வைத்தே எண்ணினார்களாம்.

குதிரை வந்து இறங்கியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நெட்டை நெட்டையான பந்தயக் குதிரைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவள் கழுதையைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. தாழ்ந்த கழுத்து, குட்டையான கால் எலும்பு, பின்பக்கம் மட்டும் பலமாக, சட்டென்று உட்கார்ந்து எழுவதற்கென்றே செய்தது போல. எக்ஸ்ரேயில் மூட்டுகள் சுத்தம். ஆனால் குணம்? அதை எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது? லாயத்தில் கீழுதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கினாள். சவாரிக்கு எடுத்தால் ரேஷன் கடை வரிசையில் நகர்வது மாதிரி நகர்ந்தாள். பண்ணையில் மாடு கிடையாது. மாட்டைப் பார்க்காத மாட்டுக் குதிரை என்ன செய்யும், தூங்கத்தான் செய்யும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியில் அர்பாப் என்னைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார், ஒரே ஒரு நாள் இருப்பார், இவள் மேல் ஏறிப் பார்த்துவிட்டு மறிக்கிற குணம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்றார். உண்டு என்றால் இனவிருத்திக் கொட்டகை கட்டுவார், அதன் பொறுப்பும் பின்னாலிருக்கும் சிறிய வீடும் எனக்கு, புருஷனையும் பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ள விசாவுக்குக் கையெழுத்துப் போடுவார். இல்லை என்றால் குதிரை சவாரிப் பள்ளிக்குப் போகும், நான் அவருடைய ஒட்டகப் பிரிவுக்கு. அங்கே நான்கு பெண்களுக்கு ஒரு ரூம்.

பிள்ளை என்றதும் எனக்கு மற்றது எதுவும் கேட்கவில்லை. என் மகளைக் கைக்குழந்தையாக நாகர்கோவிலில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கணவர் துபாயில், கராமாவில் ஒரு பேச்சலர் ரூமில் கட்டில் இடம் பிடித்து, ஏசி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போவேன். இருவரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, போன் கார்டு வாங்கி அக்காவுக்குப் பேசுவோம். மகளுக்கு அப்போது பேச்சு வந்துவிட்டது. அக்காவை அம்மா என்றாள். என்னை போன் அம்மா என்றாள். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதேன். "நீ பயப்படாத பிள்ள, அந்தக் குதிர ஓடுனா எல்லாம் சரியாவும்" என்றார். குதிரை ஓடக் கூடாது, மறிக்க வேண்டும் என்று அழுதுகொண்டே அவரைத் திருத்தினேன். அந்த நிலையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

பயிற்சியாளர் வந்த அன்று காலையில் குளிர் இருந்தது. ஒல்லியான, வயதான மனிதர். மரியாதையாகப் பேசினார். முதலில் குதிரையைச் சுற்றி வந்து கால்களைத் தடவினார். பிறகு பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். விரல் நேராகத் தாய் வழிக்குப் போயிற்று. எனக்கு மூச்சு வந்தது.

"காகிதம் நல்ல காகிதம். ஆனால் காகிதத்துக்கு மாட்டைப் பார்க்கத் தெரியாது" என்றார்.

மாட்டுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே அர்பாபின் சித்தப்பா மகனுக்கு ஒரு பால் பண்ணை இருந்தது. அங்கிருந்து சில கிடாரிக் கன்றுகளை லாரியில் ஏற்றி வந்திருந்தோம். கூடவே கன்றுகளுக்குத் தீவனம் வைக்கிற ஆள், ராமநாதபுரத்துக்காரர். லாரியிலிருந்து இறங்கும்போதே, "டாக்டரம்மா, இதுக எல்லாம் என் பிள்ளைக மாதிரி. அடிச்சுக்கிடிச்சுப் போடாதீங்க" என்றார். யாரும் அடிக்கப் போவதில்லை என்றேன்.

மணல் திடலில் கன்றுகளை விட்டோம். பயிற்சியாளர் குதிரை மேல் ஏறி மெதுவாக உள்ளே நடத்தினார். ஒரு கறுப்பு வெள்ளைக் கன்றைப் பிரித்தார். கையைத் தாழ்த்தினார். அர்பாப் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். கன்று இனி மந்தைக்குத் திரும்ப ஓடும், குதிரை மறிக்கும். அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்து நின்றோம்.

கன்று ஓடவில்லை. தனித்தனிக் கூண்டில் வளர்ந்த கன்றுக்கு மந்தை எதற்கு? அது நேராகக் குதிரையிடம் நடந்து வந்தது. முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி அவள் மூக்கை நக்கியது. குதிரை காதை முன்னால் வைத்து அதைப் பார்த்தாள். அவ்வளவுதான். இன்னொரு கன்றைப் பிரித்தார்கள். அது பயிற்சியாளரின் பூட்ஸைச் சப்பியது. மூன்றாவது கன்று திடலின் நடுவில் படுத்துக்கொண்டது.

அர்பாப் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏமாந்துபோன முகம்.

"டாக்டரா, கலாஸ்?" என்றார். முடிந்ததா என்று கேட்கிறார்.

"இந்தக் கன்றுகளை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியாது" என்றார் பயிற்சியாளர். "ஆனால் சும்மா நிற்கிற குதிரையைத்தான் நான் பார்த்தேன். அதைத்தான் சொல்ல முடியும்." சாயங்காலம் அவருக்கு விமானம்.

எனக்கு அவமானம் ஒரு பக்கம், அந்தச் சின்ன வீடு கண் முன்னால் இடிந்து விழுவது ஒரு பக்கம். கன்று ஓட வேண்டும், அவ்வளவுதானே? கன்றை எது ஓட வைக்கும்? எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. பால் கறக்கும் நேரத்தில் கன்றை அவிழ்த்துவிட்டால் யார் குறுக்கே நின்றாலும் இடித்துத் தள்ளிவிட்டு மடிக்கு ஓடும். கன்று ஊட்டாமல் பசு பால் சுரக்காது. கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் அடைத்தாவது முன்னால் நிறுத்துவார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

"தாயைக் கொண்டுவரலாம்" என்றேன். "குதிரைக்குப் பின்னால் தாய்ப் பசு, முன்னால் கன்று. கன்று ஓடியே தீரும்."

அர்பாபின் கண் பெரிதாயிற்று. "வல்லா!" என்றார், சத்தியம் என்கிற மாதிரி. ஒட்டகம் மட்டும் என்ன, குட்டி பக்கத்தில் இல்லாமல் பால் விடுமா? குட்டி தாயை விட்டு நிற்குமா? உடனே போனை எடுத்துச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார். "யல்லா, யல்லா" என்று லாரியை விரட்டினார். தமிழச்சிக்கும் பாலைவனத்து அர்பாபுக்கும் இந்த ஒரு விஷயத்தில் இம்மிகூட அபிப்பிராய பேதம் இல்லை.

பயிற்சியாளர் மட்டும் தயங்கினார். "இந்தக் கன்றும் அந்தப் பசுவும் எப்போதாவது சந்தித்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாயும் பிள்ளையும் சந்தித்திருக்கிறார்களா என்று கேட்கிற ஆளை என்ன செய்வது! இவர்கள் ஊரில் பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் வெளியே அனுப்பிவிடுவார்களாமே, அந்தப் புத்தி என்று மனதுக்குள் திட்டினேன்.

கறுப்பு வெள்ளைக் கன்றின் காது வில்லை எண்ணைச் சொல்லி, பால் பண்ணையிலிருந்து தாய்ப் பசுவைக் கொண்டுவந்தார்கள். வேலியின் மறுகோடியில் கட்டினோம். குதிரையை நடுவில் நிறுத்தினார் பயிற்சியாளர். இந்தப் பக்கம் கன்றை நானே பிடித்திருந்தேன். அதன் கழுத்துத் துடிப்பு என் கையில் தெரிந்தது. அர்பாப் கையைத் தூக்கினார். கன்றை விட்டேன்.

கன்று பசுவைப் பார்த்தது. பசுவும் கன்றைப் பார்த்தது. பசு அசை போட்டது. கன்று திரும்பி வந்து என் சட்டைப் பித்தானைச் சப்பியது.

நான் அதைத் தள்ளிவிட்டேன். "போ, அம்மா அங்க இருக்கா, போ" என்று தமிழில் சத்தம் போட்டேன். மறுபடியும் தள்ளினேன். அது விளையாட்டு என்று நினைத்து என்னை முட்டியது. பால் பண்ணையில் ஈன்ற அன்றே கன்றைப் பிரித்துவிடுவார்கள். புட்டியிலும் வாளியிலும்தான் வளர்ப்பார்கள். இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். படித்தது எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கன்றுக்கு அந்தப் பசு யாரோ ஒரு பசு. போன் அம்மா என்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அவர் நல்ல மனிதர். அர்பாப் லாரிக்காரனிடம், பசுவை ஏற்று என்று கையைக் காட்டினார்.

அப்போதுதான் ராமநாதபுரத்துக்காரர் லாரியிலிருந்த தகரத் தீவன வாளியை எடுத்தார். எடுக்கும்போது அதன் கைப்பிடி ணங்கென்று அடித்தது. கறுப்பு வெள்ளைக் கன்று என் பித்தானை விட்டது. காது இரண்டும் விறைத்தன. படுத்திருந்த கன்று எழுந்து நின்றது.

நான் ஓடினேன். அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினேன். "என்னம்மா, என்ன செய்றீங்க?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. மூச்சிரைக்கத் திடலைச் சுற்றி ஓடி, குதிரைக்குப் பின்னால், பசுவின் பக்கத்தில் போய் நின்றேன். வாளியை ஆட்டினேன். ணங், ணங்.

கன்று கிளம்பியது. நடக்கவில்லை, பாய்ந்தது. எனக்கு முன்னால் குதிரையின் முதுகு சட்டென்று தாழ்ந்தது. அவளா, ரேஷன் கடை வரிசைக்காரியா! பின்னங்கால்களை மடித்து, வயிறு மணலைத் தொடுகிற மாதிரி இறங்கி, முன்னங்கால்களை விரித்து நின்றாள். கன்று இடது பக்கம் வளைந்தது. அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். வலது பக்கம் திரும்பியது. அங்கேயும் இருந்தாள். பயிற்சியாளரின் கை அவள் கழுத்தில் கிடந்தது. கடிவாளம் தொய்ந்து தொங்கியது. அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மணல் பறந்து என் முகத்தில் அடித்தது. நான் வாளியை ஆட்டிக்கொண்டே அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். பத்திரத்தில் பார்த்த அந்தத் தாயும் அவளுடைய தாயும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது.

கன்று திரும்பத் திரும்ப முயன்றது. கடைசியில் நின்றுவிட்டது. அதன் விலா ஏறி இறங்கியது. குதிரைக்கு மேலாகத் தலையைத் தூக்கி, வாளியைப் பார்த்து, நீளமாக ஒரு கத்தல் கத்தியது. வேலியோரம் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்டிருக்காது.

"உண்டு" என்றார் பயிற்சியாளர், தொப்பியைக் கழற்றி. "நிறையவே உண்டு."

"மப்ரூக், டாக்டரா" என்று வாழ்த்தினார் அர்பாப். "மகளைக் கூட்டி வா." நான் தலையாட்டினேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கன்றுக்கு முன்னால் வைத்தேன். அது வாளிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை.

விசா வந்ததும் லீவில் ஊருக்குப் போனேன். மகள் அக்காவின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டேன். வரவில்லை. அக்காதான், "பிஸ்கெட் கவரக் கொஞ்சம் கசக்கு, ஓடி வருவா" என்றாள். கசக்கினேன். ஓடி வந்தாள். வாங்கிக்கொண்டு அக்காவிடம் திரும்பி ஓடினாள். அந்த லீவு முழுக்க நான் பிஸ்கெட் பாக்கெட்டும் கையுமாகத்தான் வீட்டுக்குள் சுற்றினேன். அக்கா பெட்டி அடுக்கினாள், பிள்ளைக்கு எந்தக் கஞ்சி சேரும், எதற்குச் சளி பிடிக்கும், தூங்க வைக்கும்போது எந்தக் காதைத் தடவ வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "கேட்டியா, வலது காது. இடது காதத் தொட்டா கோவப்படுவா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வழியனுப்ப வந்தவர்கள் வாசலுக்கு வெளியே கம்பித் தடுப்போடு நின்றுவிட வேண்டும். அக்காவின் இடுப்பிலிருந்து மகளை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். கொஞ்ச தூரம்தான். பெட்டியைத் தள்ளுவதற்காக அவளை இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தாள். அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மகள் ஓடினாள். பெட்டியை விட்டுவிட்டு நான் முன்னால் போய்க் குனிந்து நின்றேன். இடது பக்கம் வளைந்தாள். நான் அங்கே நகர்ந்தேன். வலது பக்கம் திரும்பினாள். அங்கேயும் நான்தான். பிஸ்கெட் பை தோளில் இருந்தது. அதைத் தொடவில்லை. மறுபடியும் இடது, மறுபடியும் வலது. பிறகு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. என் தலைக்கு மேலாகக் கம்பியைப் பார்த்து, "அம்மா" என்று கத்தினாள்.

நான் வழி விடவில்லை.